லாரித் தண்ணியா, ஊத்துத் தண்ணியா: புது வெப்சைட்டுக்கு ஆள் வர எது உதவியது?

வேலூர் தோட்டப்பாளையத்தில் அக்கா வீட்டு மாடியில் 6 அறைகள் இருக்கின்றன. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கும் துணைக்கு வருகிறவர்களுக்கும் நாள் வாடகைக்கு விடுகிறார்கள், ஒவ்வொரு அறையிலும் சின்னதாகச் சமையல் மேடையும் உண்டு. போன வருடம் அதற்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். முதல் மாதம் வெளியாள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அதன்பிறகு கூகுளில் காசு கொடுத்து விளம்பரம், வாட்ஸப் ஃபேஸ்புக்கில் பரப்புவது, தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி நாமே வெப்சைட்டில் பக்கங்கள் எழுதுவது என்று மூன்றையும் செய்து பார்த்தோம். நான் மூன்றாவதன் பக்கம், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வாட்ஸப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். நமக்கு வேண்டியவரோ ஹவுராவில் ரயில் ஏறி காட்பாடியில் இறங்கப்போகிற, நம்மைக் கேள்வியே படாத ஒருவர். ஏற்கெனவே தங்கிப் போனவர்கள் மறுபரிசோதனைக்குத் திரும்ப வரும்போது வாட்ஸப் நன்றாக உதவுகிறது. ஃபேஸ்புக் குரூப்களில் வெறும் விளம்பரமாகப் போட்டால் அட்மின் எடுத்துவிடுவார், கேள்விக்குப் பதில் சொன்னால் இருக்க விடுவார்கள்.

கூகுள் விளம்பரம் உடனே பலன் தரும், அதில் சந்தேகமே இல்லை. காலையில் போட்டோம், சாயங்காலம் போன் வந்தது. ஆனால் கணக்கைத் திறந்து அப்படியே விட்டால் பணம் எங்கெங்கோ போகிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு, கிளிக் செய்தவருக்கு அறை தேவையா இல்லையா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. எந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்று காட்டும் அறிக்கையை ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். விஐடி பக்கத்தில் மாணவர் விடுதி தேடியவர்கள், ஸ்ரீபுரம் பொற்கோவிலுக்கு ஒரு நாள் வருகிறவர்கள் என்று பாதிப்பேர் நமக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள். வேண்டாத சொற்களைத் தனிப் பட்டியலில் போட்டுத் தடுத்து, இடத்தையும் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் என்று குறுக்கிய பிறகு நிலைமை தேறியது. விளம்பரம் போடுகிறவர்கள் முதல் நாளே அந்த அறிக்கையைத் திறந்துவிடுங்கள்.

அப்புறம் கையில் வைத்திருந்த பணம் தீர்ந்து நிறுத்தினோம். நான்காம் நாள் மாமா கேட்டார்: "இன்னா மச்சான், போனே வர்ல?" நான் முடிவெடுத்தது அந்தக் கேள்வியில்தான். டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்குவது போலத்தான் விளம்பரம், வந்த அன்றைக்குத் தொட்டி நிறையும், லாரி வராத நாளில் குடம் காலி. நான் சொல்லும் மூன்றாவது வழி பாலாற்று மணலில் ஊற்று தோண்டுவது. தோண்ட நேரமாகும், ஆனால் கண்டுவிட்டால் ஊறிக்கொண்டே இருக்கும், அவ்வப்போது மணலை மட்டும் வாரிப் போட வேண்டும்.

தோண்டியது எப்படி என்றால், அக்காவிடம் போனில் என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து எப்படி வருவது, அறையில் மீன் சமைக்கலாமா, நோயாளியோடு எத்தனை பேர் தங்கலாம், ராத்திரி 2 மணிக்கு ரயில் வந்தால் கதவு திறப்பீர்களா. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம், வளவளவென்று இல்லாமல் நேரடிப் பதில். நம் பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பை, கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியில் கொடுத்தேன், அந்தக் கருவி இலவசம், எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று காட்டும். கூகுள் மேப்பில் பிசினஸ் புரொஃபைலும் போட்டோம், அதற்கும் காசில்லை. இரண்டு மாதம் வரை ஒன்றும் அசையவில்லை, நாலாவது மாதத்தில்தான் வருகிறவர்கள் எண்ணிக்கையைக் காட்டும் கோடு மேலே போக ஆரம்பித்தது.

வங்காள மொழியில் பக்கங்கள் வைத்ததுதான் பெரிய திருப்பம். ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் கடைப் பலகைகளே வங்காள மொழியில் இருக்கும்போது வெப்சைட் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவின் சிகிச்சைக்காக 20 நாள் தங்கிய ஒரு பெண் தானே முன்வந்து ஐந்து பக்கங்களை எழுதிக் கொடுத்தார். வங்காள மொழிப் பக்கங்களுக்குத் தனி வெப் முகவரி வைத்தேன், ஒரே பக்கத்தில் இரண்டு மொழியைக் கலக்கவில்லை. இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஐந்து பக்கங்கள் வழியாகத்தான் வருகிறார்கள்.

பராமரிப்பு இதிலும் உண்டு, மறைக்கவில்லை. சிஎம்சியின் சில துறைகள் ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போய்விட்டன. அது தெரியாமல் எழுதிய ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, அங்கே போக வேண்டிய ஒருவர் இங்கே அறை எடுத்து தினமும் ஆட்டோவுக்குச் செலவழித்தார். மனசு கேட்கவில்லை, ஒரு நாள் வாடகையைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்கி எல்லாப் பக்கங்களையும் படித்துத் திருத்துகிறேன். விளம்பரக் கணக்குக்கு வாரம் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது, பணம் தனி.

இடையில் ஒரு நிறுவனம் ஒரே மாதத்தில் கூகுள் தேடலின் முதல் பக்கத்தில் கொண்டுவருகிறோம் என்று முன்பணம் வாங்கி, சம்பந்தமில்லாத தளங்களில் நம் வெப்சைட் லிங்கை ஒட்டிவிட்டுப் போனது. காசு கொடுத்து லிங்க் வாங்குவது கூகுள் விதிப்படியே தவறு. அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

யூடியூபில் அறைகளைக் காட்டி இரண்டு வீடியோதான் போட்டிருக்கிறேன், அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. நாளைக்கே திறப்பு விழா வைத்திருக்கும் கடை என்றால் விளம்பரம் போடுவதுதான் சரி, நானே அப்படித்தான் செய்வேன். துணி, செருப்பு மாதிரி கண்ணால் பார்த்து வாங்கும் பொருளுக்கு இன்ஸ்டாகிராம் முந்தலாம், எனக்கு அதில் பழக்கமில்லை.

இந்த ஞாயிறு ராணிப்பேட்டை வளாகத்துக்கு பஸ் எங்கே ஏறுவது என்று படங்களோடு ஒரு பக்கம் எழுதப்போகிறேன். அக்காவின் நோட்டில் அந்தக் கேள்வி இந்த மாதம் மட்டும் ஏழு தடவை வந்திருக்கிறது.