தொண்டு நிறுவனத் தலைவர்களின் ஊதியம்: நியூயார்க் வழியும் கலிபோர்னியா வழியும்

நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ 2012இல் பிறப்பித்த 38ஆம் நிர்வாக ஆணையின் வழியே, மாநில நிதி பெறும் நிறுவனங்கள் அந்நிதியிலிருந்து ஒரு நிர்வாகிக்கு ஆண்டுக்கு 1,99,000 டாலருக்கு மேல் வழங்கக் கூடாது என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. பிற வருவாயிலிருந்து தரும் ஊதியத்தையும் கட்டுப்படுத்த முயன்ற விதியை மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் நீக்கிவிட்டது. ஆகவே நன்கொடைப் பணத்துக்கு இவ்வரம்பு பொருந்தவில்லை.

கலிபோர்னியாவின் 2004ஆம் ஆண்டுச் சட்டமோ எத்தொகையையும் வரையறுக்கவில்லை. தலைமை நிர்வாகியின் ஊதியம் நியாயமானதே என்று நிர்வாகக் குழு ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். அரசு மானியம் நீங்கலாக ஆண்டுக்கு 20 லட்சம் டாலரும் அதற்கு மேலும் வருவாயுள்ள நிறுவனங்கள் வெளித் தணிக்கையாளரிடம் கணக்கைத் தணிக்கை செய்து, பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

என் கணிப்பில் இரண்டாவது வழியே வலுவானது. பெரிய மருத்துவமனைக்கும் சிறு காப்பகத்துக்கும் ஒரே தொகையை அளவுகோலாக்குவது முறையன்று. மேலும், தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் அமெரிக்கக் கூட்டரசின் வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் 990ஆம் படிவத்தின் ஏழாம் பகுதியைப் புரட்டினால் நிர்வாகியின் பெயர், வாரத்துக்கு உழைத்த மணிநேரம், பெற்ற ஊதியம், தொடர்புடைய நிறுவனங்களிலிருந்து பெற்றது ஆகிய அனைத்தும் ஒரே வரியில் தெரியும். இப்படிக் கேள்வி கேட்கும் வாய்ப்பை நன்கொடையாளருக்கு வரம்பு தருவதில்லை. குறை காலதாமதம்தான்: நீட்டிப்புப் பெற்றால், கணக்காண்டு முடிந்து பத்து மாதங்களுக்குப் பிறகும் படிவத்தைத் தாக்கல் செய்யலாம்.