கோவை சிங்காநல்லூர் கியர்பாக்ஸ் பட்டறை: கழட்டாமலே கசிவைக் கண்டுபிடித்தார்கள்

எங்கள் ஹோண்டா சிட்டி அப்பா 2011-ல் வாங்கியது. முழங்கால் வலியில் கிளட்ச் மிதிக்க முடியாது என்று ஆட்டோமேட்டிக்காகப் பார்த்து வாங்கினார். அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். இந்த மாசியில் போர்டிகோ டைல்ஸில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்புக் கறை. காலையில் கியரை டி-யில் (முன்னே போகும் நிலை) போட்டால் வண்டி ஒரு நொடி யோசித்து, பிறகு வெடுக்கென்று இழுக்கும்.

முதலில் காட்டிய இடத்தில் லிஃப்டில் ஏற்றி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரத்தைப் பார்த்தார்கள். "முன் பம்ப் சீல் போயிருச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று 38,000 ரூபாய் எழுதிக் கொடுத்தார்கள். சீல் என்றால் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். கியர் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்கவில்லை. அதுதான் உறுத்தியது.

பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லித்தான் திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்தப் பட்டறைக்குப் போனேன். பெயர் எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். இரண்டே பேர், இருக்கிற வேலையே போதும் என்கிறார்கள். லிஃப்ட் கிடையாது, குழிதான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான் எடுக்கிறார்கள்.

பெரியவர் முதலில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வாங்கி, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார். "இந்த வண்டிக்கு பவர் ஸ்டியரிங் கரண்டுல ஓடுதுங்க அக்கா, அதுல ஆயிலே இல்ல. கூலன்ட்னா தண்ணியாட்டம் இருக்கும். சிவப்பா வழவழன்னு இருந்தா கியர் ஆயில்தான்" என்றார். சூடாகும்வரை ஓட்டச் சொல்லி, இன்ஜினை நிறுத்தியதும் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் போட்டு எடுத்தார். ஹோண்டாவில் நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டுமாம். கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தது. காலையில் வண்டி தயங்கியதற்குக் காரணம் அதுதான். அளவுக்கு மட்டும் ஊற்றினார். கூடிப்போனால் நுரைத்துக் காற்றுத் துளை வழியாக வெளியே வரும், அதையும் கசிவு என்று நினைத்து ஏமாறுவோம் என்றார்.

அடுத்துச் செய்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன். அடிப்பக்கம் முழுவதையும் டீகிரீசர் போட்டுக் கழுவி, காற்றடித்து, துளி ஈரமில்லாமல் காய வைத்தார்கள். சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் டால்கம் பவுடரைத் தூவினார்கள். பிறகு சூலூர் வரை நானே ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். திரும்பி வந்து குழியில் இறங்கி டார்ச் அடித்துக் காட்டியபோது எனக்கே புரிந்தது. வலது டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. அது அப்படியே கியர்பாக்ஸின் வெளிக்கூட்டை ஒட்டி வழிந்து, முதல் இடத்தில் பார்த்த அதே இணைப்பில் போய்ச் சொட்டியது. காற்று எண்ணெயைப் பின்னுக்கும் கீழுக்கும் தள்ளிக்கொண்டே போகும், அதனால் சொட்டுகிற இடத்தை விட்டுவிட்டு ஈரத்தில் எது மேலே, எது முன்னே என்று தேட வேண்டும் என்றார்.

அதோடும் விடவில்லை. இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் கீழ் மூடியைத் திறந்து உள்ளே காட்டினார். பம்ப் சீல் போயிருந்தால் கன்வெர்ட்டர் சுழன்று உள்சுவரெல்லாம் தெளித்திருக்கும். உள்ளே தூசிதான் இருந்தது. பவுடரில் தெரியாவிட்டால் சாயம் கலந்து அல்ட்ராவயலட் விளக்கில் பார்ப்பார்களாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

காரணமும் கிடைத்தது. ஐந்து மாதம் முன்பு வேறொரு இடத்தில் அந்தப் பக்கம் டிரைவ் ஷாஃப்ட் பூட் (ரப்பர் உறை) மாற்றினேன். ஷாஃப்டைத் திரும்பச் செருகும்போது சீலின் உதடு கிழிந்திருக்கிறது. கழட்டி எடுத்த சீலைக் கையில் கொடுத்தார், நகம் நுழையும் அளவுக்கு வெட்டு.

புது சீல், இரண்டரை லிட்டர் ஹோண்டா டிடபிள்யூ-1 கியர் ஆயில், டிரெயின் பிளக் வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 4,650 ரூபாய். வாஷரைப் பழையதே போடக் கூடாது என்பதில் கறாராக இருந்தார்.

குறைகளும் உண்டு. இரண்டு நாள் வண்டி அங்கேயே நின்றது. போன் எடுப்பதே இல்லை, நேரில்தான் போக வேண்டும். உட்கார நாற்காலி ஒன்று, பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை. பில் கையால் எழுதித் தருகிறார்கள். உடனே வேலை முடிய வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.

நான்கு மாதமாக இரவில் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்க்கிறேன், ஒரு சொட்டு இல்லை. காலையில் டி-யில் போட்டதும் வண்டி முன்பு போல மெதுவாக நகர்கிறது. போகிறவர்கள் வண்டியைக் கழுவாமல், கசிந்த அழுக்கோடு கொண்டுபோங்கள். நான் வாட்டர் சர்வீஸ் விட்டுக் கொண்டுபோனதற்குத்தான் அவரிடம் முதல் திட்டு வாங்கினேன்.