ரீஃபர் யார்டுக்குச் சோலார்: மொம்பாசா அனுபவம்

கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டில் மின் பராமரிப்பு என் பொறுப்பு. கூரையில் சோலார் போட்டுச் சில வருடங்கள் ஓடிவிட்டன. ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் இதைப் போட நினைப்பவர்களுக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீஃபர் பெட்டிகள், அதாவது குளிரூட்டும் கண்டெய்னர்கள், நிறைய இருந்தால் தாராளமாகப் போடுங்கள். மின்வெட்டைச் சமாளிக்கத்தான் என்றால் பேனல் மட்டும் போதாது.

ரீஃபருக்கு இது பொருந்துவதற்குக் காரணம், வெயில் ஏறும்போதுதான் கம்ப்ரசரும் அதிகம் ஓடுகிறது. பேனலும் அப்போதுதான் நன்றாகத் தருகிறது. ஆனால் அளவை மறக்கக் கூடாது. 40 அடி ரீஃபர் ஒன்று சராசரியாக 3 முதல் 5 கிலோவாட் இழுக்கும். இங்கே ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஒரே ஒரு பெட்டியின் முழு நாள் தேவைக்கு 18 முதல் 30 கிலோவாட் பேனலும், 90 முதல் 150 சதுர மீட்டர் கூரையும் வேண்டும். யார்டின் தரை பெட்டி அடுக்கவும் பெட்டி தூக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டி திரும்பவும்தான் சரியாக இருக்கிறது. மிஞ்சுவது கிடங்குக் கூரையும் ஒர்க்‌ஷாப் கூரையும்தான். ஆகவே பகல் நேர பில் குறையும், அவ்வளவுதான். அதுவே எங்களுக்குப் பெரிய தொகை.

இன்னொரு சிக்கல் பருவம். அவகாடோ வரத்து மார்ச்சிலிருந்து சூடுபிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பெருமழையும் சேர்ந்து வரும். பிளக் பாயிண்ட் எல்லாம் நிறைந்திருக்கும்போது வானம் மூடிக்கிடக்கும். ஆண்டுச் சராசரியை வைத்து விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. மாத வாரியாகக் கணக்குக் கேளுங்கள்.

கழுவுகிற வேலை நினைத்ததைவிடப் பெரியது. மொம்பாசா பூமத்திய ரேகைக்கு 4 டிகிரி தெற்கில் இருப்பதால் பேனலைக் கிட்டத்தட்டப் படுக்கையாகவே வைக்கலாம். ஆனால் 10 டிகிரியாவது சாய்த்தால்தான் மழைநீர் அழுக்கை இழுத்துக்கொண்டு இறங்கும். கடல் உப்பு, சிமெண்ட் மூலப்பொருளான கிளிங்கர் இறக்கும்போது கிளம்பும் தூசி, இரண்டும் சேர்ந்து கண்ணாடியில் பிடித்துக்கொள்கின்றன. நம்மூர்க் காக்கை இங்கேயும் ஏராளம். எச்சம் விழுந்த இடத்தில் செல் சூடேறி நிரந்தரமாகக் கெடும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விடியும் முன்பே கழுவுகிறோம். போர் தண்ணீர் வேண்டாம், உவர்ப்புக் கறை படியும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மொத்த மின்சாரத்தில் உண்மையாக வேலை செய்யும் பங்கு. கம்ப்ரசர் மோட்டார்களுக்கு, நேரடியாக வேலை செய்யாமல் காந்தப்புலத்துக்காக வந்துபோகும் ரியாக்டிவ் பவரும் தேவை. சோலார் உண்மையான யூனிட்டை மட்டும் கொடுத்தால், கிரிட்டிலிருந்து வருவதில் ரியாக்டிவின் பங்கு கூடும், மீட்டரில் பவர் ஃபேக்டர் சரியும். இங்கே 0.9-க்குக் கீழே போனால் கூடுதல் கட்டணம். முதல் சில பில்களில் அது வந்தபோது பேனல் போட்ட நிறுவனம் கைவிரித்துவிட்டது. பேனலின் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றும் இன்வர்ட்டரின் அமைப்பை மாற்றி, ரியாக்டிவ் பவர் தரும் கெப்பாசிட்டர் பேங்க்கையும் சரிசெய்த பிறகுதான் அடங்கியது.

சரி, மின்வெட்டு. 2023 ஆகஸ்ட் 25 இரவு கென்யா முழுவதும் இருண்டபோது எங்களைக் காப்பாற்றியது டீசல் ஜெனரேட்டர். ராத்திரி என்பதால் சோலாரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டப்பகலில் கரண்ட் போனாலும் சாதாரண இன்வர்ட்டர் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மைனஸ் 18-ல் உறைந்த மீன் சில மணி நேரம் தாங்கும். அவகாடோ உயிருள்ள பழம், தானே சூடு கக்கும், காத்திருக்காது.

அதனால் ஜெனரேட்டரோடு சோலாரை இணைத்து ஓட்டும் கன்ட்ரோலரைப் பிறகு வாங்கினோம். ஜெனரேட்டர் சுமை 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி அது பேனலை அடக்கிவைக்கும். பகல் வெட்டுகளில் டீசல் செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருக்கிறது. புதிதாகப் போடுபவர்கள் இதை முதல் டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் சேர்த்தால் மின் இணைப்புப் போர்டு முழுவதையும் திரும்பப் பிரிக்க வேண்டியிருக்கும்.