சிறு விமானத்துக்கு ‘ஏபிஎஸ்’ வாங்குமுன்: ஓர் எச்சரிக்கை

“வயரிங் வேண்டாம், பிரேக் குழாயின் நடுவில் மாட்டினால் போதும்” என்று ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும்போது பிரேக் அழுத்தத்தைத் தளர்த்தும் அமைப்பு) விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். வருவது ஓர் அலுமினிய உருளை. உள்ளே ரப்பர் டயாஃப்ரமோ (வளையும் சவ்வு) ஸ்பிரிங்கோ இருக்கும். சக்கரம் சுழல்கிறதா, நின்றுவிட்டதா என்று அறிய அதில் எதுவுமில்லை. மிதித்த காலை எடுக்கும்வரை பூட்டிய சக்கரம் பூட்டியபடியே இழுபடும், டயர் ஒரே இடத்தில் தேய்ந்து வெடிக்கும்.

இது பழைய ஏமாற்று. 1990களில் அமெரிக்காவில் ‘பிரேக் கார்டு’ என்ற பெயரில் இப்படியொரு கருவியைக் கார்களுக்கு ஏபிஎஸ் என்று விற்றார்கள். அந்நாட்டு வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1995இல் நடவடிக்கை எடுத்தது. பிறகு அதை ஏபிஎஸ் என்று அழைக்கவே தடை வந்தது. வீட்டில் கட்டும் ‘எக்ஸ்பெரிமென்டல்’ விமானத்தில் பாகங்களுக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. விற்பவருக்கு அது போதும்.

பயனில்லாமல் போவதோடு முடிவதில்லை. நம் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் உருளை) மிகச் சிறியது. அது தள்ளும் ஆயிலில் ஒரு பங்கை டயாஃப்ரம் விழுங்கினால் பெடல் தொய்ந்துபோகும். இடது வலது உருளைகள் ஒரே மாதிரி இல்லாவிட்டால் விமானம் ஒரு பக்கம் இழுக்கும். ஓடுபாதையின் விளிம்பில் இது சின்ன விஷயமல்ல.

இன்னும் ஆபத்தானது, பழைய மோட்டார் சைக்கிளில் கழற்றிய ஏபிஎஸ் யூனிட்டை ‘விமான கிட்’ என்று தருவது. சென்சாரும் வால்வும் உண்மையானவைதான். ஆனால் அது கார், பைக்குகளில் ஊற்றும் டாட் 4 பிரேக் திரவத்துக்கானது. கசிவைத் தடுக்கும் சீல்கள் பொதுவாக ஈபிடிஎம் என்ற வகை ரப்பர். நாம் ஊற்றுவது சிவப்பு நிற 5606 கனிம எண்ணெய். அதில் ஈபிடிஎம் ஊதிப்போகும், காலை எடுத்தாலும் அழுத்தம் இறங்காது, பிரேக் பிடித்தபடியே நிற்கும். வட்டு கொதித்து ஃபைபர்கிளாஸ் சக்கர உறை தீப்பிடிக்கலாம். மாற்றி டாட் 4 ஊற்றினால் விமானக் காலிப்பரின் (பிரேக் வட்டைக் கவ்வும் பாகம்) நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் கெடும். மேலும், அந்த யூனிட் முன்சக்கரம் பின்சக்கரம் என்று கணக்குப் போடுவது. நாம் ஒரு பக்க பிரேக்கை மிதித்துத்தான் திரும்புகிறோம்; நின்ற சக்கரத்தை அது சறுக்கல் என்று எண்ணி விடுவித்தால் திருப்பமே போய்விடும்.

பிரேக் அழுத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் அழுத்த வரம்பு வால்வு வேறு. அதை அந்தப் பெயரிலேயே விற்றால் நேர்மையான பொருள். உலர்ந்த தளத்துக்கு வைத்த அளவு ஈரத்தில் சக்கரத்தைப் பூட்டும். ஈரத்துக்குக் குறைத்தால் என்ஜின் சோதனையின்போது விமானம் நிற்காமல் நகரக்கூடும். தரை தொட்டவுடன் எடையின் பெரும்பகுதி இறக்கையில்தான் இருக்கிறது, சக்கரம் பூட்டுவதே அதனால்தான். பல விமானங்களில் ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் தாழும் மடிப்பு) ஏற்றி, ஸ்டிக்கைப் பின்னிழுத்து, பிறகு மிதித்தாலே பாதித் தொல்லை தீரும்.

விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: சக்கர வேக சென்சார் எங்கே? விடுவித்த ஆயில் எங்கே போகிறது? சீல் எந்த ரப்பர்? மின்சாரம் போனால் சாதாரண பிரேக் மிஞ்சுமா?

ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு, பழையபடி ஒரே குழாயாகப் போடுங்கள். தவறான திரவம் ஏறியிருந்தால் மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் இரண்டிலும் எல்லா ஓ-ரிங்கையும் மாற்றி, குழாய்களைக் கழுவி, காலிப்பரின் அடியிலிருந்து மேல்நோக்கி ஆயிலை ஏற்றிக் காற்றை வெளியேற்றுங்கள்.