சிதூர் எபிரேயத்தோடு மூன்று ஆண்டுகள்

என் மாமனார் இறந்த பிறகு, என் மனைவி 11 மாதங்கள் நாள்தோறும் காலையில் டொராண்டோவிலுள்ள யூதத் தொழுகைக்கூடம் ஒன்றுக்குச் சென்று, இறந்தோருக்காகச் சொல்லும் மன்றாட்டான கதிஷைத் தந்தைக்காகச் சொல்லி வந்தார். யூதரல்லாத நான் துணைக்குப் போய், சிதூர் என்னும் வழிபாட்டு நூலைக் கையில் வைத்துக்கொண்டு அருகில் உட்கார்ந்திருப்பேன். எந்தப் பக்கம் என்பதைக்கூட யாராவது காட்டித்தர வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் நடுவில், 46 வயதில், அந்த நூலின் எபிரேயத்தைக் கற்கத் தொடங்கினேன்.

முதலில் செலவழித்த பணம் பெரும்பாலும் வீண். கைபேசிச் செயலி ஒன்று எனக்குக் காபி கேட்கவும் பேருந்துக்கு வழி விசாரிக்கவும் கற்றுத் தந்தது. சிதூரில் இரண்டுமே கிடையாது. பத்து வார வகுப்பு ஒன்றில் எழுத்துக்கூட்டி உரக்க வாசிக்கப் பழக்கினார்கள். முடித்தபோது, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் முழுப் பக்கத்தையும் வாசிக்க முடிந்தது. அதைவிடக் கெடுதல் செய்தது, ஒவ்வொரு வரியின் கீழும் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்ப்பு அச்சிட்ட பதிப்பு. கண் தானாகவே அந்த வரிக்கு இறங்கிவிடும். நான்கு மாதம் கழித்து அதைத் தூக்கி வைத்த பிறகுதான் எழுத்துகள் பிடிபட்டன.

எழுத்துகள் 22, அவற்றில் ஐந்து, சொல்லின் இறுதியில் வேறு வடிவம் கொள்ளும். உயிரொலிகள் மெய்யெழுத்தின் கீழும் மேலும் இடப்படும் புள்ளிகளும் கோடுகளும் என்பதால், உயிர்மெய்யில் வளர்ந்த நமக்கு அந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. பேத், கஃப், பே ஆகிய எழுத்துகள் உயிரொலிக்குப் பின் மெலிவதும், இரட்டிக்கும்போது வலிமையாகவே நிற்பதும், ‘அகம்’ என்பதிலும் ‘அக்கம்’ என்பதிலும் ககரம் ஒலிக்கும் வேறுபாட்டுக்கு உறவானவை. ஆனால் ஒரு கண்ணி உண்டு. நமக்குப் புள்ளி என்றால் உயிரில்லாத மெய். அங்கே எழுத்தின் கீழுள்ள ஒற்றைப் புள்ளி இகரம். உயிரை நீக்கும் வேலையைச் செய்வது ஷ்வா என்னும் இரட்டைப் புள்ளி; அதுவும் சில இடங்களில் குறுகிய எகரமாக ஒலிக்கும். இந்தக் குழப்பம் தீர எனக்கு ஓராண்டு பிடித்தது.

தாலத்தும் ரேஷும் ஏறக்குறைய ஒரே உருவம் கொண்டவை. மூலையின் கூர்மை ஒன்றே வேறுபாடு. கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் ஷெமா மன்றாட்டின் முதல் வரியில் ‘எஹாத்’, அதாவது ‘ஒருவர்’ என்ற சொல்லின் இறுதித் தாலத்தை, யூதரின் திருச்சட்ட நூலான தோரா சுருளிலும் பல சிதூர்களிலும் பெரிதாக எழுதுவார்கள். அதை ரேஷாக வாசித்தால் ‘வேறொருவர்’ என்றாகிவிடும் என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். மூக்குக் கண்ணாடியின் வலிமையைக் கூட்டிக்கொள்ள எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

பொருள் புரியத் தொடங்கியது, மூன்று மெய்கள் கொண்ட வேர்களைப் பிடித்த பிறகுதான். தூய்மையைக் குறிக்கும் க-த-ஷ் என்ற ஒரு வேரை அறிந்தால் கதோஷ், கெதுஷா, கிதுஷ், கதிஷ் எல்லாம் ஒரே குடும்பமாகக் கண்ணில் படும். சிதூரின் சொல்வளம் சிறியது, திரும்பத் திரும்ப வருவது. அகராதியை மனப்பாடம் செய்வதைவிட, ஒரே துதியை ஒரு மாதம் விடாமல் வாசிப்பது மேல் என்பது என் அனுபவம்.

எனக்கு மிகவும் பயன்பட்ட பழக்கம், ஓரத்தில் பென்சிலால் தமிழில் பொருள் எழுதியதுதான். ‘எலோஹேனு’ என்ற சொல்லின் ‘-னு’ விகுதியை ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரே சொல்லால் தாண்டிவிடுகிறது. தமிழிலோ ‘நம் கடவுள்’ என்பதா ‘எங்கள் கடவுள்’ என்பதா என்று முடிவு செய்யாமல் எழுத முடியாது. ஷெமா இஸ்ரயேலை நோக்கிப் பேசுகிறது, ஆகவே ‘நம்’. துதிகள் கடவுளையே முன்னிலையாக்கிப் பேசுகின்றன, ஆகவே ‘எங்கள்’. இதை எழுதப்போய்த்தான், பல துதிகள் ‘நீர்’ என்று தொடங்கிப் பாதியில் ‘தம் கட்டளைகளால் எங்களைத் தூய்மையாக்கியவர்’ என்று படர்க்கைக்கு நழுவுவதைக் கவனித்தேன். அந்த ‘எங்க’ளில் நானும் அடங்குவேனா என்று மனைவியிடம் கேட்டேன். “முதலில் வினைச்சொல்லைப் பார்” என்றார்.

வினைச்சொல்தான் இன்றும் இடறுகிறது. ‘ஆஹவ்தா’ என்றால் ‘நேசித்தாய்’. முன்னால் ‘வெ’ சேர்ந்து ‘வெஆஹவ்தா’ ஆனதும் ‘நேசிப்பாயாக’ என்று காலமே புரண்டுவிடுகிறது. இதைவிடப் பெரிய ஏமாற்றம், எதற்காகத் தொடங்கினேனோ அந்தக் கதிஷ் பெரும்பாலும் எபிரேயமே அல்ல, அரமேயம் என்று தெரியவந்தது. ஒலியமைப்பும் வேர்களும் உறவானவை என்பதால் பாதி ஊகிக்கலாம். மீதிக்கு இன்னும் மொழிபெயர்ப்பைத்தான் நாடுகிறேன்.

ஓய்வுநாளில் எழுதுவது அங்கே வழக்கமில்லை என்பதால், சந்தேகம் வந்த பக்கங்களில் முன்கூட்டியே கிழித்து வைத்த காகிதத் துண்டுகளைச் செருகி வருவேன். வேகம் மட்டும் கூடவில்லை. நின்றபடி சொல்லும் முதன்மை மன்றாட்டு அமிதா. வார நாள் அமிதாவுக்குப் ‘பதினெட்டு’ என்று பெயர், உண்மையில் துதிகள் 19. மற்றவர்கள் முடித்து மூன்றடி பின்வாங்கும்போது நான் ஏழாவதிலோ எட்டாவதிலோ நிற்கிறேன். ஓய்வுநாள் அமிதாவில் ஏழே துதிகள். அன்று மட்டும் ஏறக்குறைய எல்லோருடனும் சேர்ந்து முடிக்கிறேன்.