சீக்வென்சிங் அருமை, வகைப்படுத்தல் அறிக்கைக்குக் காசு தண்டம்

சாம்பிளை அனுப்பினால் போதும், ஜீனோமிலிருந்து (முழு டிஎன்ஏ எழுத்துவரிசை) அது எந்தச் சிற்றினம் என்கிற வகைப்படுத்தல் வரை எல்லாம் கையில் வந்துவிடும் என்று ஒரு தனியார் நிறுவனம் விற்கிற முழுத் தொகுப்பை எங்கள் ஆய்வகத்தில் வாங்கிப் பார்த்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. அனுப்பியது பச்சைக் காய்ப்புழுவைத் தாக்கும் என்பிவி, அதாவது பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோவைரஸ் குடும்பத்தில் ஒன்று. செத்த புழுக்களை அரைத்து வடிகட்டி, வைரஸை உள்ளே பொதிந்து வைத்திருக்கும் புரதப் படிகங்களான பாலிஹெட்ராக்களைப் பிரித்து, சோடியம் கார்பனேட்டில் கரைத்து டிஎன்ஏ எடுக்கிறவரை நம் பாடு (அந்த நாற்றத்தைப் பற்றி எந்தக் கையேடும் எச்சரிப்பதில்லை), அதற்கப்புறம் அவர்கள் பொறுப்பு.

சீக்வென்சிங்கில், அதாவது டிஎன்ஏ எழுத்துகளைப் படிப்பதில், குறையே சொல்ல முடியாது. குட்டை ரீட், நீள ரீட் (ஒரே மூச்சில் படிக்கிற துண்டுகள்) இரண்டும் போட்டிருந்தார்கள். பாக்குலோவைரஸ் ஜீனோமில் எச்ஆர் என்கிற திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் அங்கங்கே இருக்கும், போதாததற்கு ஒன்றையொன்று ஒத்த ப்ரோ மரபணுக்கள் வேறு. 150 எழுத்து ரீட்களை மட்டும் நம்பினால் அந்த இடங்களில் அசெம்பிளி (ரீட்களை ஒட்டி முழு ஜீனோமாக்குவது) துண்டு துண்டாகிவிடும். எங்களுக்கு ஒரே கான்டிக்காக (விட்டுப்போகாத ஒரே தொடராக), சுமார் 1,31,000 பேஸ் ஜோடிகளோடு வந்தது, இந்த வைரஸுக்கு எதிர்பார்க்கிற அளவுதான்.

சரி, அறிக்கைக்கு வருவோம். இது வட்ட ஜீனோம், ஆனால் கோப்பில் நேர்கோடாக வந்திருந்தது, இரண்டு முனைகளிலும் ஒரே வரிசை திரும்ப வருகிறது, ஆரம்பமே ஏதோ ஒரு மரபணுவின் நடுவில். பொதுவாகப் பாலிஹெட்ராவின் புரதத்தைத் தருகிற பாலிஹெட்ரின் மரபணுவின் தொடக்கமான ஏடிஜியில் இருக்கும் 'ஏ'வை முதல் எழுத்தாக வைத்துத்தான் எண்ணுவார்கள். அதைச் செய்யாததால் வெட்டுப்பட்ட மரபணு பட்டியலில் இரண்டாகப் பதிவாகிவிட்டது. மெயில் போட்டதும் சீக்கிரமே திருத்தி அனுப்பினார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'புதிய சிற்றினம்' என்று போட்டிருந்ததை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார்கள், மென்பொருள் சொன்னதாம். காரணம் என்ன என்று பார்த்தால், பிளாஸ்டில் (தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டுத் தேடும் கருவி) நூற்றுக்கு நூறு பொருந்தவில்லை, அவ்வளவுதான். பாக்குலோவைரஸ்களுக்கு இதற்கென்றே 2006 முதல் ஒரு அளவுகோல் இருக்கிறது: பாலிஹெட்ரின், லெஃப்-8, லெஃப்-9 மூன்று மரபணுக்களையும் ஒப்பிட்டுக் கிமுரா முறையில் தூரம் (வரிசைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதன் அளவு) கணக்கிட வேண்டும், 0.015க்குக் கீழே என்றால் ஒரே சிற்றினம், 0.05க்கு மேலே என்றால் வேறு, நடுவில் விழுந்தால் எந்தப் பூச்சியைத் தாக்குகிறது என்பது போன்ற வேறு ஆதாரங்களையும் பார்க்க வேண்டும். நாங்களே போட்டுப் பார்த்தோம், 0.015க்கு வெகு கீழேதான் வந்தது. ஏற்கெனவே தெரிந்த சிற்றினத்தின் இன்னொரு ஐசொலேட் (தனியாகப் பிரித்தெடுத்த மாதிரி), வேறொன்றும் இல்லை. அதற்கு வைரஸ்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவான ஐசிடிவி தந்திருக்கும் இருசொல் பெயர் ஆல்ஃபாபாக்குலோவைரஸ் ஹெலார்மிஜெரே, அதுவும் அறிக்கையில் எங்கும் கிடையாது.

மரபு மரம் பற்றிச் சொன்னால் கோபம்தான் வரும். பாலிஹெட்ரின் ஒன்றை மட்டும் வைத்து வரைந்திருக்கிறார்கள், ஒவ்வொரு கிளையையும் எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் பூட்ஸ்ட்ராப் எண்களும் இல்லை. எல்லாப் பாக்குலோவைரஸ்களிலும் பொதுவாக இருக்கும் மைய மரபணுக்கள் 38 இருக்க, ஏசிஎம்என்பிவி என்கிற இன்னொரு பாக்குலோவைரஸில் இரண்டு வேறு மூலங்களின் கலவையாக இருப்பதாகத் தெரியவந்த அந்த ஒரு மரபணுவை மட்டும் நம்பி யாராவது மரம் வரைவார்களா?

சீக்வென்சிங்குக்கு ஐந்துக்கு ஐந்து, வகைப்படுத்தலுக்கு ஒன்று, அதுவும் மெயிலுக்குப் பதில் போட்டதற்காக. வாங்குவதாக இருந்தால் மூல ஃபாஸ்ட்க்யூ கோப்புகள் (ரீட்கள் அப்படியே இருப்பவை) கட்டாயம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், எங்களுக்குக் கேட்ட பிறகுதான் தந்தார்கள். அந்த 'புதிய சிற்றினம்' பக்கத்தை அப்படியே கட்டுரையில் போட்டு அனுப்பியிருந்தால் மதிப்பீட்டாளர் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். சீக்வென்சிங் மட்டும் தருகிற மலிவான தொகுப்பும் அவர்களிடமே இருக்கிறது, அடுத்த முறை அதுதான்.