மென்பொருள் காப்புரிமை, திறந்த உரிமம், மக்கள் நிதி: கடலூர் கரையில் சிறு கருவி செய்பவருக்கு எது உதவும்?

இறால் பண்ணைக்கு ஒரு கருவி என்று வைத்துக்கொள்வோம். குளத்து நீரில் ஆக்சிஜன் குறைந்தால், நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைத் தானே ஓடவிடும், பண்ணைக்காரரின் கைபேசிக்குத் தகவலும் அனுப்பும். புதுச்சேரியில் பொறியியல் முடித்த இரண்டு பேர் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து செய்துவிடக்கூடியதுதான். சென்சார் கடையில் கிடைக்கிறது. அவர்களுடைய உழைப்பு முழுவதும் மென்பொருளில் இருக்கிறது. இதை யாரும் திருடாமல் எப்படிக் காப்பது, நூறு கருவி செய்யப் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டால், காப்புரிமை (பேட்டன்ட்) வாங்கு, இணையத்தில் கிரவுட் ஃபண்டிங் செய், அதாவது பலரிடம் சிறுகச் சிறுக மக்கள் நிதி திரட்டு என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். இந்த இரண்டு அறிவுரையும் சிறியவர்களை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

முதலில் காப்புரிமை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே), கணித முறை, வணிக முறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. 2004இன் கடைசியில் ஓர் அவசரச் சட்டத்தின் வழியே இதைத் தளர்த்தப் பார்த்தார்கள்; 2005இல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை நீக்கிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் காப்புரிமைக்கான வரைவை 648க்கு 14 என்ற வாக்குக் கணக்கில் தூக்கியெறிந்தது. நிரலோடு உண்மையான தொழில்நுட்ப விளைவு இருந்தால் விண்ணப்பத்தை ஆராய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னது. ஆகவே ஏரேட்டரை இயக்கும் முறை முழுவதையும் ஒரு கருவியாகக் காட்டி விண்ணப்பிக்கலாம். நிரலை மட்டும் கொண்டுபோனால் கதவு திறக்காது.

தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000 ரூபாய். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம்தான். கட்டணம் பயமுறுத்துவதாக இல்லை. எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்ற கோரிக்கைகளை எழுதித் தரும் முகவரின் செலவு அதைப் பல மடங்கு தாண்டிவிடும். எல்லாம் முடிந்து கையில் வரும் 20 ஆண்டு உரிமை என்பது, பிறர் மீது வழக்குப் போடும் உரிமை மட்டுமே. வழக்கு நடத்தப் பணம் இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்?

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமேசான் 1999இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, 2017 வரை வைத்திருந்தது. 2011இல் லாட்சிஸ் என்ற நிறுவனம் தன் காப்புரிமையைக் காட்டி, செயலிக்குள் பணம் செலுத்தும் வசதியை வைத்திருந்த சிறுசிறு உருவாக்குநர்களுக்கெல்லாம் உரிமத் தொகை கேட்டுக் கடிதம் அனுப்பியது. நிரல் எழுதுவது அவர்கள் வேலை. சம்பாதிப்பது கடிதம் எழுதியவர். 2014இல் ஆலிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பழைய கருத்தைக் கணினியில் ஏற்றியதாலேயே அது கண்டுபிடிப்பாகிவிடாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகே கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது.

காப்புரிமையும் மக்கள் நிதியும் நேருக்கு நேர் மோதிய வழக்கு ஒன்றும் உண்டு. 2012இல் ஃபார்ம்லேப்ஸ் என்ற இளம் நிறுவனம் 3டி அச்சுப்பொறிக்காக கிக்ஸ்டார்ட்டர் என்ற கிரவுட் ஃபண்டிங் இணையதளத்தில் ஏறக்குறைய 29 லட்சம் டாலர் திரட்டியது. அந்த நவம்பரிலேயே 3டி சிஸ்டம்ஸ் தன் காப்புரிமையை மீறியதாக வழக்குப் போட்டது. கிக்ஸ்டார்ட்டரையும் எதிர்வாதியாகச் சேர்த்தது. அது மென்பொருள் வழக்கு அல்ல, அச்சிடும் முறை பற்றியது. ஆனால் இளையவர்கள் கவனிக்க வேண்டியது அதன் முடிவை: 2014 டிசம்பரில் சமரசம், நிகர விற்பனையில் 8 சதவீதம் உரிமத் தொகை. ஃபார்ம்லேப்ஸ் தாங்கியது. நம் வாடகை அறை தாங்காது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. நிதி கேட்டு வெளியிடும் வீடியோவில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று காட்டியாக வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அப்படி வெளியிட்டால் இந்தியாவில் அதன் புதுமை போய்விட்டது என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம். இரண்டும் வேண்டுமென்றால் கண்டுபிடிப்பை விளக்கும் தற்காலிக விவரக்குறிப்பைக் காப்புரிமை அலுவலகத்தில் முதலில் தாக்கல் செய்து, 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும்.

திறந்த உரிமத்துக்கு வருவோம். நிரலை யாரும் பார்க்கவும் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் உரிமம் அது. நிரலை எழுதிய கணத்திலேயே 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்புரிமை (காப்பிரைட்) வந்துவிடுகிறது, பதிவுகூடக் கட்டாயமில்லை. திறந்த உரிமங்களில் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பிலும் அப்பாச்சி இரண்டாம் பதிப்பிலும் காப்புரிமை பற்றிய பாதுகாப்பு வரிகள் இருக்கின்றன. சுருக்கமான எம்ஐடி உரிமத்தில் வெளிப்படையாக இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய பலன், தேதியோடு வெளியான நிரல் முன்னரே அறியப்பட்டதாகிவிடுவது. நாளை வேறொருவர் அதே முறைக்குக் காப்புரிமை கேட்டால் அதை எடுத்துக்காட்டி எதிர்க்கலாம். குறையும் உண்டு: பதிப்புரிமை எழுத்தைத்தான் காக்கும், யோசனையை அல்ல. பெரிய நிறுவனம் அதே வேலையைப் புதிதாக எழுதி விற்கலாம். விற்கட்டும். ஆக்சிஜன் விடியலுக்கு முன்தான் மிகக் குறையும். சென்சாரில் பாசி படிந்து அளவு தவறும். பரங்கிப்பேட்டைக்கு வண்டியெடுத்து வந்து அதைத் துடைத்துச் சரிசெய்பவரைத்தான் பண்ணைக்காரர் நம்புவார். அதனால் நான் இந்தப் பக்கம்தான்.

பணத்துக்கு? வங்கிக் கடன் என்றால் முத்ரா திட்டத்தில் முதல்முறை வாங்குபவர் பிணையில்லாமல் 10 லட்சம் வரை கேட்கலாம். ஆனால் விற்பனை தொடங்கும் முன்பே தவணை தொடங்கிவிடும்.

கிரவுட் ஃபண்டிங்கில் முன்பணம் கொடுத்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. கிக்ஸ்டார்ட்டர் 2012இலேயே தான் கடை அல்ல என்று அறிவித்துவிட்டது. ஜானோ என்ற சிறு டிரோனுக்கு 12,000க்கும் மேற்பட்டோர் 23 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். 2015இல் நிறுவனம் மூழ்கியது. கூலெஸ்ட் கூலர் 1.3 கோடி டாலருக்கு மேல் திரட்டி, 2019 டிசம்பரில் மூடியபோது சுமார் 20,000 பேருக்குப் பொருள் போய்ச் சேரவில்லை. கிரவுட் ஃபண்டிங் தொடர்பாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2015இல் எடுத்த முதல் வழக்கில் 1,11,793 டாலர் கட்ட உத்தரவானது; கட்ட வழியில்லை என்று அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. இந்தியாவில் பங்கு கொடுத்துப் பொதுமக்களிடம் இணையத்தில் பணம் திரட்ட அனுமதி இல்லை. 2016இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி எச்சரிக்கையே வெளியிட்டது.

எஞ்சுவது உள்ளூர்ப் பண்ணையாளர்களிடமே கருவிக்காக வாங்கும் முன்பணம். இதில் கொடுப்பவருக்குப் பிடி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. சொந்தப் பிழைப்புக்காகக் குளம் நடத்தும் சிறு பண்ணையாளரும் நுகர்வோர்தான். வணிகத்துக்காக வாங்கும் பெரிய நிறுவனத்துக்கு இந்த வழி கிடையாது. செய்பவர் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால், பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்துக் கணக்கை நேர்செய்ய வேண்டும், இல்லையேல் அது வைப்புத்தொகை விதிகளில் மாட்டும். ரசீதில் கொடுக்கும் தேதி, தவறினால் திருப்பித் தரும் தொகை, சென்சார் பழுதுக்கு யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டு, கருவி ஒரு குளத்திலாவது ஒரு வளர்ப்புப் பருவம் முழுக்க ஓடிய பிறகே பணத்தை வாங்க வேண்டும்.